பாப்பாவின் வலது கை

எங்கள் வீட்டில் வேதத்தை நம்பாதவர் ஒருவரும் இல்லை. அப்பாவும் எழுத்துக்கு எழுத்து நம்பினார், மாமாவும் எழுத்துக்கு எழுத்து நம்பினார். ஒருவராவது கொஞ்சம் குறைவாக நம்பியிருந்தால் வீட்டில் சண்டை இருந்திருக்காது என்று அம்மா ஒருமுறை சொன்னாள். பிறகு அப்படிச் சொன்னதற்காக மன்னிப்புக் கேட்டு ஜெபமும் செய்தாள்.

அப்பா நாமகிரிப்பேட்டைக்கு அருகே ஒரு சிற்றூரில் மிஷன் பள்ளி வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே பள்ளிக்கூடம் கோவிலாகிவிடும், அப்பா உபதேசியாராகிவிடுவார். கரும்பலகைமேல் வெள்ளைத் துணி போட்டு மூடினால் ஆராதனை என்று அர்த்தம். ஊரில் கிறிஸ்தவக் குடும்பங்கள் மொத்தம் ஏழு. அச்சிட்ட ஜெபப் புத்தகத்தில் உள்ளதை அப்பா உள்ளபடியே வாசிப்பார். ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது. பிறந்த குழந்தைக்குத் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம், பெண்களுக்குத் தாலியில் சிலுவை, காதில் தோடு, பண்டிகைக்குப் புது வேட்டி. முன்னோர் செய்ததை மாற்றக்கூடாது என்பதே அவருடைய பக்தி. நாடக மேடை, சீட்டு, கள் மூன்றும் ஆகாது. வேதத்தைத் தரையில் வைத்தால் பிரம்படி விழும்.

மாமா அம்மாவின் தம்பி. மிஷனுக்காகச் சந்தை சந்தையாகச் சுவிசேஷப் புத்தகம் விற்றுக்கொண்டிருந்தவர். சேலத்தில் யாரோ ஒரு பிரசங்கியார் நடத்திய கூட்டத்துக்கு ஒரு வாரம் போனார். திரும்பி வரும்போது கழுத்துவரை ஆற்றில் இறங்கி இரண்டாவது முறை ஞானஸ்நானம் வாங்கியிருந்தார். மிஷன் அவரை வேலையிலிருந்து நீக்கியது. அன்றிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு ஊர் ஊராக நடந்து பிரசங்கம் செய்தார். மருந்து சாப்பிடமாட்டார். கலியாணம் வேண்டாம் என்றார், காலம் அவ்வளவு குறுகிவிட்டதாம். மாதம் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வருவார். வந்ததும் அம்மாவின் காதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

“அக்கா, அந்தத் தோட்டக் கழட்டு. எக்காளம் ஊதறப்ப அந்த எடையே உன்னை மேல போக உடாது.”

“அரைப் பவுன் தோடு மாப்பிள்ளை, அது,” என்பார் அப்பா. “ஒரு ஆளை இழுத்துப் பிடிக்கிற அளவுக்கு இருந்தா நான் எப்பவோ வித்து வயல் வாங்கியிருப்பேன்.”

மாமாவும் சிரித்துவிடுவார். அவருக்குச் சிரிப்பு சீக்கிரம் வரும். அதனால்தான் எங்களுக்கு அவரைப் பிடிக்கும். எனக்கு அப்போது ஒன்பது வயது, பாப்பாவுக்கு ஐந்து. மாமா வந்தால் அவள் அவர் தோளைவிட்டு இறங்கமாட்டாள்.

அவர்களுடைய உண்மையான சண்டை வேதத்தின் கடைசிப் புத்தகத்தைப் பற்றியது. அப்பா அதைக் கோவிலில் வாசிப்பதே அரிது. அது முத்திரையிட்ட கடிதம், திறக்க வேண்டியவர் திறப்பார், நாம் தலை வணங்கினால் போதும் என்பார். மாமாவுக்கு அது அன்று காலையில் வந்த தந்தி. பத்துக் கொம்புள்ள மிருகம் எந்த தேசத்திலிருந்து எழும்பும் என்று தரையில் சுண்ணாம்புக் கட்டியால் படம் போட்டுக் காட்டுவார். விசுவாசிகள் ஒரே நொடியில் எடுத்துக்கொள்ளப்படுவார்கள். விடப்பட்டவர்களை அந்த மிருகம் ஆளும். எல்லோருடைய வலது கையிலும் இல்லாவிட்டால் நெற்றியிலும் தன் முத்திரையைப் போடும். அந்த முத்திரையும் அறுநூற்று அறுபத்தாறு என்ற எண்ணும் இல்லாதவன் ஒரு படி சோளம்கூட வாங்கவோ விற்கவோ முடியாது. ஆனால் அதை வாங்கிக்கொண்டவனுக்கு மீட்பே கிடையாது.

“அழுதாக் கூடவா மாமா?” என்று நான் கேட்டேன்.

“அழுதாக் கூடத்தான், மாப்ளே. வாங்குனது வாங்குனதுதான்.”

அவர் என்னைப் பயமுறுத்த நினைக்கவில்லை. வெள்ளம் வருவதைப் பார்த்துவிட்டவன் கரையில் நிற்கிறவனிடம் எப்படிச் சொல்வானோ அப்படிச் சொன்னார். அவர் போன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. வர்ணம் பூசிய மாட்டுக் கொம்பைப் பார்த்தாலும் விலகி ஓடினேன்.

ஒரு நாள் பள்ளி விட்டதும் அப்பாவுக்கு முன்பாகவே வீட்டுக்கு ஓடி வந்தேன். கதவு திறந்து கிடந்தது. அடுப்பில் தீ எரிந்துகொண்டிருந்தது, பானையில் உலை கொதித்து மூடி தட்டிக்கொண்டிருந்தது. அம்மா இல்லை. அம்மாவின் சேலை ஒன்று முற்றத்துக் கொடியிலிருந்து நழுவித் தரையில் குவிந்து கிடந்தது. அப்படித்தான் நடக்கும் என்று மாமா சொல்லியிருந்தார்: துணி கீழே விழும், ஆள் மேலே போய்விடுவார்கள். நான் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டிலும் சத்தமில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போது உள்ளறையில் சிணுங்கல் கேட்டது. பாப்பா பாயில் தூங்கி எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். அவளும் விடப்பட்டிருக்கிறாள்! காலையில் அவள் வெல்லம் திருடித் தின்றது எனக்குத் தெரியும். அதற்காகத்தான் என்று உடனே புரிந்துகொண்டேன். அவளை இறுகக் கட்டிக்கொண்டு, உன்னை மிருகத்துக்குக் கொடுக்கமாட்டேன் என்றேன். அவள் பசிக்கிறது என்றாள்.

கொஞ்ச நேரத்தில் அம்மா தண்ணீர்க் குடத்தோடு வந்து சேர்ந்தாள். கீழே கிடந்த சேலையைப் பார்த்து, கொடியைக் கட்டத் தெரியாத அப்பாவைத் திட்டினாள். ஆனால் நான் கொடுத்த வாக்கு எனக்குள் அப்படியே இருந்தது.

இரண்டு மாதம் கழித்து அம்மை குத்துகிறவர் வந்தார். காக்கிச் சட்டை, மார்பில் பித்தளை வில்லை, தோலாலான ஒரு பை. பள்ளிக்கூடத்துப் புங்கமரத்தடியில் அப்பா அவருக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தார். ஊர்ச்சனங்களுக்கு அதில் விருப்பமில்லை. மாரியாத்தா கொடுப்பதைச் சர்க்கார் ஊசி தடுத்தால் ஆத்தா சும்மா இருப்பாளா என்று பிள்ளைகளைச் சோளக்கொல்லையில் ஒளித்து வைத்துவிட்டார்கள். அப்பா வீடு வீடாகப் போய்க் கெஞ்சினார். குத்திக்கொள்ளாதவனை அடுத்த வருஷம் பள்ளியில் சேர்க்க முடியாது என்று மிரட்டியும் பார்த்தார். கடைசியில், முதல் குத்து என் பிள்ளைகளுக்குத்தான், பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்.

முத்திரை இல்லாதவனுக்குப் பள்ளியில் இடமில்லை. அப்பாவின் வாயாலேயே அது வந்துவிட்டது.

அம்மை குத்துகிறவர் ஒரு பெரிய புத்தகத்தைத் திறந்து எங்கள் பெயரை எழுதினார். பெயருக்கு நேரே ஓர் எண்ணை எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். என் எண்ணில் ஒரே ஓர் ஆறு இருந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

எனக்குக் கைக்குழந்தையிலேயே இடது கையில் குத்தியிருந்தார்கள். அது இடது கை, ஆகையால் கணக்கில் வராது என்று முன்பே ஆராய்ந்து முடிவு செய்திருந்தேன். இந்த முறை அவர் என் வலது கையைப் பிடித்தார். அடுத்தது பாப்பா, அவளுக்கு இதுதான் முதல் குத்து. அவள் இடது கையால் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அதனால் அவளுக்கும் வலது கைதான் கிடைத்தது. சிறிய வட்டக் கத்தியை வைத்து ஒரு திருகு திருகினார். அவள் வீரிட்டாள். கூடி நின்ற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

“அவ்வளவுதான் கண்ணு, முடிஞ்சுது. தண்ணி படாம பாத்துக்கங்க, வாத்தியாரே. எட்டாம் நாள் கொப்புளம் பாக்க வாரேன்,” என்றார் அவர்.

தண்ணீர் படக்கூடாது. நான் பிடித்துக்கொண்டது அந்தச் சொல்லைத்தான். அப்பா அடுத்த பிள்ளையைத் தேடிப் போனதும் பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக்கு ஓடினேன். அங்கே கிணற்றில் கவலை ஏற்றம் ஓடிக்கொண்டிருந்தது. எருதுகள் இழுக்க, தோல் சாலிலிருந்து தண்ணீர் வாய்க்காலில் கொட்டிக்கொண்டிருந்தது. முதலில் என் கையைத் தேய்த்தேன். பிறகு அவள் கையை வாய்க்காலில் அழுத்தி, அடுப்புச் சாம்பலைக் கொட்டி, தேங்காய் நாரால் தேய்த்தேன். சட்டைப் பையில் சாம்பலும் நாரும் வைத்திருந்தேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். முந்தின நாளே அவர் வரப்போவது எனக்குத் தெரியும். பதற்றத்தில் செய்தது என்று நானும் பல வருடம் எனக்கே சொல்லிப் பார்த்தேன். அது உண்மையில்லை.

“எரியுது அண்ணா, எரியுது,” என்று அவள் கதறினாள்.

“வாங்குனது வாங்குனதுதான்னு மாமா சொன்னாரு. ஊறிப்போறதுக்குள்ள எடுத்துரணும். கொஞ்சம் பொறுத்துக்க, சாமி.”

ரத்தம் வரும்வரை தேய்த்தேன். பிறகு அவளுக்கு ஒரு கொய்யாப்பழம் பறித்துக் கொடுத்து, யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். வெல்லம் திருடிய பாப்பா அந்தச் சத்தியத்தைக் கடைசிவரை காப்பாற்றினாள்.

எட்டாம் நாள் அவர் வரவில்லை. எங்கள் இருவர் கையிலும் கொப்புளம் எழவில்லை. சிலருக்குப் பிடிப்பதில்லை, அடுத்த முறை வரும்போது மறுபடி குத்திவிடலாம் என்றார் அப்பா. நான் மரத்தடிக்குப் போய் முழங்காலிட்டு ஸ்தோத்திரம் சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு உண்மையாக நன்றி சொன்னது வேறு எப்போதும் இல்லை.

கோடையில் பெரியம்மை வந்தது. மேற்குத் தெருவில் ஒருவர், பிறகு நால்வர். வாசல்களில் வேப்பிலை தொங்கியது. பங்குனி முடிவதற்குள் பாப்பாவுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் முகத்தில் முத்து முத்தாகக் கிளம்பிவிட்டது. பத்து நாள் தாண்டினால் பிழைப்பாள் என்றார்கள். அம்மா நாளை எண்ண ஆரம்பித்தாள்.

அக்கம்பக்கத்தார் நல்லவர்கள். வேப்பங்கொழுந்தைக் கொத்தாக ஒடித்து வந்து வாசலோடு வைத்துவிட்டுப் போனார்கள். அப்பா வெகுநேரம் யோசித்தார். வாசலில் கட்டினால் சாமி கும்பிட்டதாகிவிடும், பாயில் பரப்பினால் குளிர்ச்சி மட்டும்தான் என்று முடிவு செய்து பாயில் பரப்பினார். அப்பாவின் மதம் அப்படி எல்லாவற்றுக்கும் ஓர் இடம் கண்டுபிடிக்கும்.

செய்தி கேட்டு மாமா ராசிபுரத்திலிருந்து நடந்தே வந்தார். சபைக்காரர்கள்கூட வாசற்படியோடு நின்ற வீட்டில் நேராக உள்ளே போய்ப் பாப்பாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவள் அந்த மடியில்தான் கிடந்தாள். வேப்பங்கொத்தால் ஈ ஓட்டுவார், சத்தமாக ஜெபிப்பார், இடையிடையே பூனை மாதிரியும் ஆடு மாதிரியும் கத்திக் காட்டுவார். வீங்கிய உதட்டோடு அவள் சிரிக்கப் பார்ப்பாள். அவளுக்கு நீராகாரம் புகட்ட அவரால் மட்டும்தான் முடிந்தது. அம்மா கொடுத்தால் துப்பிவிடுவாள்.

ஐந்தாம் நாள் நடுப்பகல். புழுக்கம் தாங்காமல் மாமா சட்டையைக் கழற்றினார். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய வலது கையில், தோளுக்குக் கீழே, வட்டமாக இரண்டு தழும்புகள் இருந்தன.

“மாமா, அது என்னது?”

“இதா? போர்டிங்ல படிக்கறப்ப அம்மை குத்துனது, மாப்ளே. இது இருக்கறதாலதானே பயமில்லாம பாப்பாவ மடியில போட்டுட்டு உக்காந்திருக்கேன்.”

“அப்ப முத்திரை?”

“எந்த முத்திரை?”

நான் பாப்பாவின் வலது கையைப் பார்த்தேன். அவர் விசிறுவதை நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார், பாப்பாவின் கையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அவருடைய முகம் வெளிறிப்போனதை நான் கண்ணால் கண்டேன்.

“இங்க வா, சாமி,” என்றார் மெதுவாக.

நான் ஓடிவிட்டேன்.

ஆறாம் நாள் காலையில் அந்தத் தோட்டத்துக்காரர் மனைவி வேப்பிலை கொண்டு வந்தார். அப்பாவோடு வாசலில் நின்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க வாத்தியாரே, நீங்க மொதல்ல உங்க புள்ளைகளுக்குத்தானே குத்தச் சொன்னீங்க? அப்புறம் எப்படீங்க வந்துச்சு?”

“அவளுக்குப் பிடிக்கலைங்கம்மா.”

“எப்படீங்க புடிக்கும்? அன்னைக்கே உங்க பையன் எங்க வாய்க்கால்ல பாப்பா கையச் சாம்பல் போட்டுத் தேச்சுட்டிருந்தானுங்களே. புள்ள கத்துன கத்து கவலை ஓட்டறவனுக்கே பொறுக்கலைங்க. நீங்க சொல்லித்தான் செய்யறான்னு நெனச்சனுங்க.”

அப்பா என்னைக் கூப்பிட்டார். அவர் கோபமாகக் கத்துகிறவர் இல்லை. அன்றும் கத்தவில்லை. உள்ளறை வாசலில் என்னை நிறுத்தி, குனிந்து, என் கண்ணுக்கு நேரே கண்ணை வைத்தார்.

“தேய்ச்சியா?”

தலையசைத்தேன்.

“ஏன்?”

மிருகம், எண், வலது கை எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சொன்னால் குத்துதான் முத்திரை என்பது நானே முடிவு செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். அப்பாவின் கண் நகரவே இல்லை. அதைவிடப் பயங்கரமான ஒன்றை அந்தக் கடைசிப் புத்தகத்திலும் நான் கேட்டதில்லை.

“யார் சொன்னது?” என்றார் அப்பா.

அவரே வழியைத் திறந்துவிட்டார். நான் அதில் நுழைந்தேன்.

“மாமா.”

அப்பா நிமிர்ந்தார். உள்ளே மாமா பாப்பாவை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். நாங்கள் பேசியது எல்லாம் அவருக்குக் கேட்டிருந்தது.

“மாப்பிள்ளை, குத்தினதைக் கழுவச் சொல்லி இவன்கிட்ட நீ சொன்னியா?”

மாமா என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு மூச்சு நேரம் இருக்கலாம்.

“ஆமாங்க மச்சான்,” என்றார். “நாந்தான் சொன்னேன்.”

அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து, “இல்லைன்னு சொல்லுடா,” என்றாள். அவர் மறுபடியும் ஆமாம் என்றார்.

பாப்பாவைக் கீழே படுக்க வை என்றார் அப்பா. மாமா வேப்பிலைமேல் அவளைப் படுக்க வைத்தார். இனிமேல் இந்த வாசலை மிதிக்காதே என்றார் அப்பா. மாமா சட்டையைப் போட்டுக்கொண்டு தகரப் பெட்டியை எடுத்தார். என்னைக் கடந்து போகும்போது என் தலையில் ஒரு கணம் கையை வைத்தார். நான் உடம்பைச் சுருக்கிக்கொண்டேன்.

பாப்பாவுக்கு அதற்குள் கண் திறக்க முடியாமல் போயிருந்தது. கையால் தடவிப் பார்த்து, “மாமா எங்க?” என்று கேட்டாள். அந்த நாளும் அடுத்த இரண்டு நாளும் அதையேதான் கேட்டாள். யார் கொடுத்த நீராகாரமும் உள்ளே போகவில்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பா ஆள் அனுப்பி அவரைத் திரும்ப அழைத்திருப்பார். மாமா தூரமாகப் போகவும் இல்லை, ஊர் எல்லையில் ஒரு வேலமரத்தடியிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்று மாடு மேய்ப்பவர்கள் சொன்னார்கள். எனக்கு அது தெரியும். மூன்று நாளும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலை அவள் கேட்பதை நிறுத்தினாள்.

அடக்கத்தில் அப்பா ஜெபப் புத்தகத்தைப் பார்த்து வாசித்தார். ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. மண் போடும்போதுதான் குரல் உடைந்தது. கல்லறைத் தோட்டத்துக் கள்ளிவேலிக்கு அப்பால் மாமா நின்றார். எங்கே நின்றாலும் சத்தமாக ஜெபிக்கிற மனிதர் அன்று உதட்டைக்கூட அசைக்கவில்லை. அம்மா வேலிப்பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாள். போகவில்லை.

அதன் பிறகு அம்மா தன் தம்பியோடு பேசியதில்லை. அப்பா சாகும்வரை, அந்தச் சேலத்துக் கூட்டத்தார்தான் தன் மகளைக் கொன்றார்கள் என்று நம்பினார். மற்றபடி யாரையும் வெறுக்கத் தெரியாதவர், அந்த ஒன்றை மட்டும் பத்திரமாக வைத்திருந்தார். நான் மிஷன் உதவியில் படித்தேன், கல்லூரியில் வாத்தியாரானேன், ஓய்வும் பெற்றேன். கூடப் படித்தவர்களிடமும், பிறகு மாணவர்களிடமும், குருட்டு நம்பிக்கை ஒரு குழந்தையைப் பலி கொண்ட கதை என்று இதைச் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் தலையை ஆட்டிக் கேட்டார்கள். மாமாவைக் கடைசியாக ஆத்தூர் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். நரைத்துப்போய், அதே போல் ஒரு பெட்டியோடு நின்றார். நான் தூணுக்குப் பின்னால் மறைந்துகொண்டேன். அவர் இறந்த செய்தி ஒரு வருடம் கழித்துத்தான் வந்தது. எனக்கு எண்பது தாண்டிவிட்டது, இனி யாரிடம் சொல்வது என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

அன்று உள்ளறை வாசலில், மாமா ஆமாம் என்று சொன்னதும், எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. பொய்யே பேசாத மாமா சொல்லிவிட்டார், ஆகையால் அதுதான் நடந்திருக்கும், நான்தான் மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். சில நாள் அதை நம்பவும் செய்தேன். பொய் சொல்கிறவர்களுக்கு எரிகிற அக்கினிக் கடலில் பங்கு உண்டு என்று அந்தக் கடைசிப் புத்தகம் சொல்கிறது. அப்பா ஒரு பொய் சொல்லியிருந்தால் ஞாயிற்றுக்கிழமைப் பாவ அறிக்கையில் எல்லோரோடும் சேர்ந்து வாசித்து எழுந்திருப்பார். மாமாவுக்கு அந்தக் கடல் வெறும் சொல் இல்லை. அதன் சூடு அவருக்குத் தெரியும், கரை எங்கே என்பதும் தெரியும். தெரிந்தே, இரண்டு முறை ஆமாம் என்று சொல்லி, எனக்காக அதில் கால் வைத்தார். கதவோரம் நின்ற ஒன்பது வயதுப் பையனுக்கு அப்போது தெரிந்ததெல்லாம், அப்பாவின் கண் தன்னைவிட்டு நகர்ந்துவிட்டது என்பது மட்டும்தான்.